எல்லாத் திரைக்கும் பொருந்தும் இணையப் பக்கங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்ணப்பங்களும் தேர்வு முடிவுகளும் இணையத்துக்கு மாறிவிட்ட இக்காலத்திலும், சில பொதுச் சேவை இணையதளங்களின் அடியில் 'இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில், 1024-க்கு 768 என்னும் திரையளவில் காண்க' என்ற அறிவிப்பு நீடிப்பது வருத்தமளிக்கிறது. அந்த உலாவிக்கான ஆதரவை, விண்டோஸ் 10 கணினிகள் பெரும்பாலானவற்றில், மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15 அன்றே நிறுத்திவிட்டது.

செல்பேசி மட்டுமே வைத்திருப்போர்தாம் இதனால் மிகவும் அல்லற்படுகின்றனர். திரையின் அகலத்தை அறிவிக்கும் 'வியூபோர்ட்' என்னும் ஒற்றை வரி பக்கத்தின் நிரலில் இல்லாவிட்டால், செல்பேசி உலாவி அதைக் கணினிக்குரிய பக்கமாகக் கருதி, ஏறத்தாழ 980 பிக்சல் அகலத்தில் வரைந்து, பிறகு முழுவதையும் சுருக்கிக் காட்டுகிறது. அப்போது தமிழ் எழுத்தின் புள்ளியும் சுழியும் கண்ணுக்குத் தெரிவதில்லை. உயரம் நிலையாகக் குறிக்கப்பட்ட கட்டங்களிலோ, நீளமான தமிழ்ச் சொற்கள் வெளியே வழிந்து அடுத்த வரியை மறைக்கின்றன.

திரைக்கேற்ப அமைப்பை மாற்றும் 'மீடியா குவெரி' 2012-லேயே வலைத் தரமாகிவிட்டதால், தொழில்நுட்பம் இல்லை என்று எவரும் சொல்ல இயலாது. ஆண்ட்ராய்டு குரோமில் சரியாகத் தெரிந்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. ஐபோனில் குரோம்கூட, ஆப்பிளின் சஃபாரி உலாவி பக்கங்களை வரையப் பயன்படுத்தும் வெப்கிட் என்னும் பொறியைக் கொண்டே இயங்கிவருகிறது.

எனவே குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி ஆகிய மூன்றிலும், விலை குறைந்த செல்பேசி ஒன்றிலும் தமிழ்ப் பக்கங்களைச் சோதித்த பின்னரே வடிவமைப்பாளருக்கு இறுதித் தொகை வழங்கப்படும் என்னும் நிபந்தனையை, அரசுத் துறைகள் தங்கள் ஒப்பந்தங்களில் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்