கட்டணமில்லாக் கட்டுரைகள் தமிழிலும் வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கலை, அறிவியல், சமூகம் எதைப் பற்றியானாலும், ஒரு சாதாரண ஆள் காசு கொடுக்காமல், எங்கும் சேராமல், போனிலேயே படித்துத் தெரிந்துகொள்ளும்படியான நல்ல கட்டுரைகள் தமிழில் மிகக் குறைவு. அரசும் பல்கலைக்கழகங்களும் இதை ஒரு வேலையாக எடுத்துச் செய்ய வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

நான் ஓட்டேரியில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். மக்கள் எதைத் தேடி வருகிறார்கள், கடைசியில் எந்தத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்பது என் மேசையில் தினமும் தெரிகிறது. பிராஜெக்ட் என்று வரும் பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலப் பக்கம் ஒன்றை அப்படியே பிரிண்ட் எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியாது, கூட வரும் அம்மாவுக்கும் தெரியாது. ஆர்வம் இல்லை என்று சொல்ல மாட்டேன். சர்க்கரை நோய், நிலப் பட்டா, சந்திர கிரகணம் என்று பெரியவர்கள் கேட்டு வருவதையும் பார்க்கிறேன். அவர்கள் கையில் கொடுக்கத்தான் பொருத்தமான பக்கம் கிடைப்பதில்லை.

சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பின்னி மில் என்ற பழைய துணி ஆலை பற்றிக் கேட்டாள். எங்கள் பக்கத்தில் பழைய குடும்பங்களை விசாரித்தால் அந்த மில்லில் வேலை பார்த்தவர் யாராவது இருப்பார். 1918 ஏப்ரலில் பி.பி.வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் முன்னின்று தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றில் இடம்பெற்றது. அது இந்த மில் தொழிலாளர்களுக்காகப் பிறந்தது. 1921-ல் நடந்த வேலைநிறுத்தம், அதை ஒட்டிப் புளியந்தோப்பில் வெடித்த சாதிக் கலவரம், கூலிக்காக ஒன்றாக நின்றவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்ற கேள்வி, இவை எல்லாம் இந்தத் தெருக்களிலேயே நடந்தவை. அந்தப் பிள்ளைக்குப் புரிகிற நடையில் இதை முழுதாகச் சொல்லும் ஒரு பக்கம் தேடினோம். துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. நான் சொல்லச் சொல்ல அவள் நோட்டில் எழுதிக்கொண்டு போனாள். எனக்கு மனசே ஆறவில்லை.

இங்கிலாந்தில் 1969-ல் தொடங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 2006 முதல் 'ஓபன்லேர்ன்' என்ற பெயரில் பாடங்களையும் கட்டுரைகளையும் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. ஓவியம், உளவியல், சட்டம், விண்வெளி என்று எல்லாத் துறையும் உண்டு. பெரும்பாலானவற்றை, எழுதியவர் பெயரைச் சொல்லி, வியாபார நோக்கமில்லாமல் பிறர் எடுத்துப் பயன்படுத்தவும் அனுமதி தந்திருக்கிறார்கள். அவற்றில் நல்லதை மொழிபெயர்க்கலாம்தான். ஆனால் நம் ஊர் உதாரணத்தோடு நம் ஆட்கள் எழுதுவதே எனக்கு முக்கியம். கோடையில் கடல் காற்று எப்போது வரும் என்று ஏங்காத சென்னைக்காரர் உண்டா? நிலம் சீக்கிரம் சூடாகிறது, அங்கே காற்று மேலே எழும்புகிறது, அந்த இடத்துக்குக் கடல் மேல் உள்ள குளிர்ந்த காற்று வருகிறது. மேற்கிலிருந்து வீசும் தரைக்காற்று பலமாக இருந்தால் கடல் காற்று தாமதிக்கிறது, அன்றைக்கு வெயில் கொளுத்துகிறது. இதைச் சொல்லி ஆரம்பித்தால் இயற்பியல் பிடிக்காதவரும் படிப்பார். மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பார்க்காதவர் இல்லை. அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி எழும்பூர் ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கல்லைத் தள்ளும் அந்த நான்கு பேரின் உடம்பை அவர் ஏன் அப்படி வளைத்தார் என்று விளக்க ஒரு கட்டுரை போதும்.

நம்மால் முடியாத காரியமும் இல்லை இது. பெ.தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் கொண்டுவந்தது. கணினி இல்லாத காலம் அது. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் இருக்கின்றன. சம்பளம் இல்லாமல் எழுதும் அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். தகவல் தேடி வருபவருக்கு அது உதவுகிறது. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, ஒன்றுமே தெரியாத வாசகரைக் கூடவே அழைத்துப் போகும் எழுத்து தனியாக வேண்டும். அதைத் துறை தெரிந்த ஆசிரியர்கள் எழுத வேண்டும், அதற்கு அவர்களுக்கு ஊதியமும் தர வேண்டும்.

"எல்லாம் யூடியூபில் இருக்கிறதே அக்கா" என்பார்கள் தேர்வுக்குப் படிக்கும் தம்பிகள். அவர்களே அப்புறம் குறிப்பைப் பிரிண்ட் போட வருகிறார்கள். காணொளியில் அடிக்கோடு போட முடியாது, புரியாத வரிக்குச் சட்டென்று திரும்ப முடியாது. வீட்டுக்கு ஒரே போன் என்றால் நிம்மதியாக உட்கார்ந்து பார்க்கவும் முடியாது.

தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் சேர்ந்து இந்த வேலையைத் தொடங்கலாம். வாரத்துக்கு ஒரு கட்டுரை என்றாலும் சரி. மூன்று விஷயங்களை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். எழுத்து, எந்தக் கணினியிலும் போனிலும் சரியாகத் தெரியும் யூனிகோடு முறையில் இருக்கட்டும். வானவில் என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எப்படிக் குழம்பிப் போகிறது என்பது என்னைப் போன்ற கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டால் போனில் கண் வலிக்கும், தேடினாலும் கிடைக்காது. ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் எழுதியவர் பெயர், எழுதிய தேதி, "இதை யாரும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம்" என்ற ஒரு வரி, இவை மூன்றும் இருந்தால், கேட்டு வருபவர்களுக்கு நான் தைரியமாகப் பிரிண்ட் போட்டுக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை நடத்தும் வாசகி,
ஓட்டேரி, சென்னை.