அந்த மரபணு உங்களிடமும் இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், ‘புற்றுநோய் மரபணு சில குடும்பங்களில் மட்டுமே உண்டு’ என்று ஒரு வரி. அதைக் கட்டம் கட்டித் தடித்த எழுத்தில் வேறு போட்டிருந்தீர்கள்.

நான் 28 ஆண்டுகள் விலங்கியல் நடத்தியவன். 14 ஆண்டுகளாக நாட்பட்ட ரத்தப் புற்றுநோயாளி. காலை இட்லிக்குப் பிறகு, பெரிய டம்ளர் தண்ணீருடன் 400 மில்லிகிராம் இமாடினிப் மாத்திரை. அதன் பக்கவிளைவாக விடிந்தால் கண்ணிமை வீங்கியிருக்கும், “அழுதீர்களா சார்?” என்று பால்காரர் கேட்பார். என்னைப் படுத்தும் ஏபிஎல் மரபணு உங்களிடமும் இருக்கிறது, கட்டுரையாளரிடமும் இருக்கிறது. அது டைரோசின் கைனேஸ் என்ற நொதி வகைக்கான மரபணு, மனிதரிடம் அப்படிப்பட்டவை சுமார் 90 என்று 2002-க்குள் எண்ணிவிட்டார்கள். செல்லுக்கு ‘வளர்’, ‘நில்’ என்று சேதி சொல்வதுதான் அவற்றில் பலவற்றின் வேலை, கெட்டுப்போனால்தான் வினை. கோழிக்குப் புற்று தரும் வைரஸிலிருந்த எஸ்ஆர்சி என்ற மரபணு, நோயற்ற கோழியிலேயே இருப்பதை விஞ்ஞானிகள் பிஷப்பும் வார்மஸும் 1976-இல் காட்டி, 1989-இல் நோபலும் வாங்கினார்கள். திருடியது வைரஸ்தான். தங்களுக்குத் தெரியாததா!

என் எலும்பு மஜ்ஜைச் செல் ஒன்றில், 9-ஆம் குரோமோசோமின் ஏபிஎல் துண்டு 22-இல் உள்ள பிசிஆர் என்ற மரபணுவுடன் ஒட்டிக்கொண்டது, அதுதான் என் நோய். பிறந்த பிறகு நேர்ந்தது, பிள்ளைகளுக்குப் போகாது. ரெட் என்ற மரபணுவின் பிழை குடும்பவழி தைராய்டு புற்றைத் தரும், மறுக்கவில்லை. அது வேறு, இது வேறு.

இதழ் வந்த மூன்றாம் நாள், என் மகளைப் பெண் பார்த்துப் போனவர்கள் அந்தப் பக்கத்தை நான்காக மடித்துக்கொண்டு வந்தார்கள். “தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பத்திரிகையிலேயே போட்டிருக்கிறார்கள்.” தேதித்தாளின் பின்பக்கம் இரண்டு கோடு போட்டு, 9, 22 என்று எழுதி விளக்கினேன். காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஈராண்டுக்கு முன் ‘பிலடெல்பியா குரோமோசோம் அமெரிக்கர்களுக்கு வருவது’ என்றும் எழுதினீர்கள். நான் சொன்ன அந்த ஒட்டிய 22-ஆம் குரோமோசோம்தான் அது. 1960-இல் கண்டறியப்பட்ட ஊரின் பெயரை வைத்தார்கள், அவ்வளவுதான். என் அஞ்சலட்டைக்குப் பதிலில்லை. அந்த இடத்தில் ரசப்பொடிக் குறிப்புக்குப் பாராட்டு வந்திருந்தது. இமாடினிப் காப்புரிமை வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது உங்கள் இதழில் நான்கு வரி. நடிகர் வீட்டுத் திருமணத்துக்கு நான்கு பக்கம்.

இரண்டு வரியில் திருத்தம் போடுங்கள். கட்டமெல்லாம் வேண்டாம், ராசிபலனுக்குக் கீழே இடமிருந்தால் போதும். கூடுதலாக ஒரு பிரதி அனுப்பினால், அந்த வீட்டு முகவரிக்குத் தபாலில் சேர்த்துவிடுவேன். தபால்தலை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்
(பெயர் வேண்டாம், மகள் கோபித்துக்கொள்வாள்.)