கையெழுத்துக்குப் பின் மாறும் ஒப்பந்தங்கள்: நிதித் துறைச் செயலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு அரசின் நிதித் துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுத் துறை ஒன்றின் கட்டுமானப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து, உதவி செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவன் நான். ஒரே ஒரு கோரிக்கைக்காக இந்த மடலை எழுதுகிறேன். கட்டுமான ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அதில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும், ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) அறிவிப்பு எங்கே வெளியானதோ அங்கேயே வெளியிட வேண்டும் என்று தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் விதிகளில் சேர்க்க வேண்டும். அந்தச் சட்டமும் விதிகளும் தங்கள் துறையின் பொறுப்பில் இருப்பதால் தங்களுக்கே எழுதுகிறேன்.

1998-இல் அந்தச் சட்டம் வந்தபோதும், 2000-இல் விதிகள் வந்தபோதும் நான் பணியில் இருந்தேன். அது செய்த நன்மையை நேரில் பார்த்தவன். புள்ளி போட, 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்கு 15 நாள், அதற்கு மேற்பட்டால் 30 நாள் அவகாசம் கொடுத்தாக வேண்டும் என்றானது. யாருடைய புள்ளி ஏற்கப்பட்டது, மற்றவை எதனால் தள்ளப்பட்டன என்பதை, டெண்டர் விவரங்களுக்கென்றே அரசு வெளியிடும் ஒப்பந்தப்புள்ளி இதழுக்கு அனுப்பியாக வேண்டும் என்றானது. அதற்கு முன் எப்படி நடந்தது என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் சட்டத்தின் பார்வை புள்ளி கோருவதிலும் ஏற்பதிலும்தான் ஊன்றி நிற்கிறது. பொருள் வாங்கும்போது, அறிவித்த அளவில் 25 விழுக்காடு வரை கூட்டவோ குறைக்கவோ செய்யலாம் என்று ஓர் எல்லை உண்டு. அரிசி மூட்டைக்கும் மின்மாற்றிக்கும் அது பொருந்தும். கட்டடம் அப்படியல்ல. அதன் உண்மையான அளவு, கடைக்கால் தோண்டும்போதுதான் தெரியவரும். அங்கே தொடங்கும் மாற்றங்கள் துறைக் கோப்பிலும், செய்த வேலையின் அளவைக் களத்தில் பதியும் எம்-புக்கிலும் அடங்கிவிடுகின்றன. ஊர் அறிவதில்லை. தோற்றுப்போன ஒப்பந்தக்காரர்கள் அறிவதில்லை.

நான் பொறுப்பில் இருந்த ஒரு வேலையைச் சொல்கிறேன். டெல்டாப் பகுதியில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கு நான்கு வகுப்பறை, கழிப்பறை, சாலையோரச் சுற்றுச்சுவர். மதிப்பீடு போடுவதற்காக மனையின் மூலைகளில் மூன்று சோதனைக் குழி எடுத்தோம். மூன்றிலும் நல்ல மண். கடைக்கால் ஆழம் ஒன்றரை மீட்டர் என்று எழுதினோம். ஒப்பந்தம் போட்டு, நடு மனையில் தோண்டினால், ஒன்றரை மீட்டரில் கறுத்த சேறு. உடைந்த பானை ஓடும் மக்கிப்போன தென்னங்கட்டையுமாக வந்துகொண்டே இருந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "இது பழைய குட்டை தம்பி, எங்கப்பா காலத்துல தூத்தது" என்றார். மதிப்பீடு போடுவதற்கு முன் அவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அந்தத் தவறு என்னுடையது.

கெட்டித் தரை தட்டுப்பட்டபோது ஆழம் இரண்டே முக்கால் மீட்டர். மணல் நிரப்ப வேண்டும், கூடுதலாகக் கம்பி கட்ட வேண்டும், கான்கிரீட் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. குழியில் ஊற்று அடிக்கிறது, மழை வேறு வரப்போகிறது. மேலிடத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். "வேலையை நிறுத்த வேண்டாம், செய்யச் சொல்லுங்க, எஸ்டிமேட்டை ரிவைஸ் பண்ணிக்கலாம்" என்று பதில் வந்தது. ஒப்பந்தக்காரர் குழியின் கரையிலேயே நின்று, "சார், ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க, போதும்" என்றார். எழுதும் அதிகாரம் என்னிடம் இல்லை. அதிகாரம் உள்ளவர்கள் எழுதவில்லை. அவர் என் முகத்துக்காக வேலையைச் செய்தார்.

திருத்திய மதிப்பீடு மூன்று மேசைகளில் இரண்டு ஆண்டு கிடந்தது. நிர்வாக அனுமதித் தொகைக்கு மேல் போனால் கோப்பு இன்னும் மேலே போக வேண்டும், கேள்வி வரும். அதனால் மொத்தத் தொகை ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். எப்படி? எதையாவது குறைத்துத்தான். சாலையோரச் சுற்றுச்சுவர் 140 மீட்டரும், கழிப்பறைக்கான சாய்தளமும் 'விடுபட்ட இனங்கள்' ஆயின. கூடுதல் கடைக்காலும் விடுபட்ட சுவரும் தாளில் ஏறக்குறையச் சரிக்குச் சரி வந்தன. தணிக்கையில் ஒரு வரிக் கேள்விகூட எழவில்லை. அந்த ஒப்பந்தக்காரர் பணத்தைக் கண்ணால் பார்ப்பதற்குள் தன் கான்கிரீட் கலவை இயந்திரத்தை விற்றிருந்தார்.

யாரும் ஒரு ரூபாய் தின்னவில்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன். எல்லாரும் நல்லெண்ணத்தோடு செய்த வேலையிலேயே, பேருந்து போகும் சாலை ஓரத்தில் சுவர் இல்லாத பள்ளி கிடைத்தது. கெட்ட எண்ணமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பணியில் பலமுறை இதன் சாயலைப் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி விலை, அதாவது இனவாரி விலை கேட்கும் ஒரு டெண்டர். மண் தோண்டுதல் 900 கன மீட்டர், பாறை உடைத்தல் 100 கன மீட்டர். முதல் ஆள் மண்ணுக்கு 250, பாறைக்கு 900 ரூபாய் போடுகிறார். மொத்தம் 3,15,000. இரண்டாம் ஆள் மண்ணுக்கு 180, பாறைக்கு 1,500 போடுகிறார். மொத்தம் 3,12,000. குறைந்த புள்ளி இரண்டாமவருடையது, வேலை அவருக்கு. தோண்டும்போது மண் 500, பாறை 500 என்று அளவு மாறுகிறது. முதல் ஆளாக இருந்தால் 5,75,000 ஆகியிருக்கும். இரண்டாமவருக்கு 8,40,000 கொடுக்கிறோம். 3,000 ரூபாய் மிச்சம் என்று தேர்ந்தெடுத்து 2,65,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தோம். அடியில் பாறை இருப்பது இரண்டாமவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால், அந்தப் போட்டியே பொய். டெண்டர் திறந்த நாளில் எல்லாம் சட்டப்படி நடந்தது. மாறியது அதற்குப் பிறகு.

வாய்மொழி உத்தரவில் வேலை செய்தவரின் பாடு நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1944-இல் வங்காளத்தின் ஆராம்பாக்கில், உணவுப் பொருள் வழங்கல் துறைக்குக் கிடங்கு கட்டிய பி. கே. மண்டல் அண்டு சன்ஸ் என்ற நிறுவனத்திடம், மண் சாலை, காவலர் அறை, சமையலறை, எழுத்தர் அறை என்று மேற்கொண்டு வேலை வாங்கினார்கள். முறையான ஒப்பந்தம் இல்லை என்று சொல்லி அரசு பணம் தர மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1961 டிசம்பரில்தான் முடிவு வந்தது. ஒப்பந்தம் செல்லாது, ஆனாலும் இலவசமாகச் செய்யும் எண்ணமின்றிச் செய்த வேலையின் பயனை அரசு அனுபவித்திருப்பதால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவின்படி ஈடு தர வேண்டும் என்றது நீதிமன்றம். ஒரு சமையலறைக்கும் மண் சாலைக்கும் 17 ஆண்டு. இன்றும் சிறு ஒப்பந்தக்காரரின் கடைசிப் பிடிமானம் அந்தப் பிரிவுதான். அவர்களில் எத்தனை பேரால் அதுவரை போக முடியும்?

மற்ற நாடுகள் இதை எப்படிப் பார்க்கின்றன என்று ஓய்வுக்குப் பின் தேடிப் படித்தேன். 1996-இல் ஐரோப்பிய ஆணையம் அர்மீனியாவுக்கும் அசர்பைஜானுக்கும் பழச்சாறும் ஜாமும் அனுப்ப டெண்டர் விட்டது. கூலியைப் பணமாகத் தராமல், சந்தையிலிருந்து விலக்கிய ஆப்பிளாகவும் ஆரஞ்சாகவும் தருவதாக அறிவிப்பு. வேலையைக் கொடுத்த பிறகு, அதற்குப் பதில் பீச் பழம் எடுத்துக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். தோற்ற நிறுவனம் வழக்குப் போட்டது. 2004-இல் ஐரோப்பிய நீதிமன்றம், அறிவிப்பில் இல்லாத மாற்றத்தை வேலை கொடுத்த பிறகு செய்வது சம நடத்தைக்கும் வெளிப்படைத்தன்மைக்கும் எதிரானது என்று தீர்ப்பளித்தது. சரிதானே? பீச் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் மற்றவர்களும் வேறு கணக்குப் போட்டிருப்பார்கள்.

இது போன்ற தீர்ப்புகளின் வழியில் 2014-இல் ஐரோப்பிய ஒன்றியம் போட்ட கொள்முதல் நெறியாணையின் 72-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை எப்போது மறு டெண்டர் இல்லாமல் மாற்றலாம் என்பதை மட்டுமே பேசுகிறது. கட்டுமானப் பணியில் மாற்றங்களின் கூட்டுத்தொகை 15 விழுக்காட்டுக்குள், சட்டம் குறித்த வரம்புத் தொகைக்கும் கீழே இருந்து, ஒப்பந்தத்தின் இயல்பும் மாறாவிட்டால் தடையில்லை. கவனமுள்ள அதிகாரியாலும் எதிர்பார்த்திருக்க முடியாத நிலைமை என்றால் 50 விழுக்காடு வரை போகலாம், ஆனால் அரசிதழில் அறிவிக்க வேண்டும். என் பழைய குட்டை இந்த விதிக்குள் வந்திருக்குமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பெரியவரைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்பதால், வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

என்னை அதிகம் பாதித்தது டென்மார்க்கிலிருந்து அதே ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போய், 2016-இல் தீர்ப்பான வழக்கு. அவசரச் சேவைகளுக்கான தகவல் தொடர்பு ஒப்பந்தம் தகராறாகி, இரு தரப்பும் வேலையைச் சுருக்கிச் சமரசம் செய்துகொண்டன. சுருக்குவதும் பெரிய மாற்றம்தான், சின்ன வேலையாக அறிவித்திருந்தால் சின்ன நிறுவனங்களும் வந்திருக்கும் என்றது நீதிமன்றம். நாம் கூடுவதை மட்டுமே மாற்றம் என்று எண்ணுகிறோம். குறைத்ததை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. அந்தப் பள்ளியில் பறிபோன சுவர் அப்படிக் குறைத்த கணக்கில்தான் போனது. பிரிட்டனிலும் 2025 பிப்ரவரி 24 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டப்படி, குறிப்பிட்ட அளவைத் தாண்டும் மாற்றத்தை, அதைச் செய்வதற்கு முன்பே அறிவிப்பாக வெளியிட வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். கூட்டினாலும் குறைத்தாலும், எந்த இனம், எவ்வளவு, எதனால் என்று ஒரு பக்கத்தில் எழுதி ஒப்பந்தப்புள்ளி இதழிலும் இணையதளத்திலும் போட வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் அதுவரை நடந்த எல்லா மாற்றங்களின் கூட்டுத்தொகையும் அதிலேயே இருக்க வேண்டும். ஐந்து ஐந்து விழுக்காடாகப் பத்து முறை மாற்றுவதைத் தடுக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஓர் எல்லை தாண்டினால் மறு டெண்டர். அந்த எல்லை எவ்வளவு என்பதைத் துறைகளோடு பேசித் தாங்கள் முடிவு செய்யுங்கள். ஆனால் எழுத்து உத்தரவு இல்லாமல் கூடுதல் வேலை வாங்கக் கூடாது என்பதிலும், களத்திலிருந்து கடிதம் போன 14 நாளுக்குள் ஆம் அல்லது இல்லை என்று பதில் வர வேண்டும் என்பதிலும் விட்டுக்கொடுக்க வேண்டாம். குழியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது கோப்பு மேசையில் காத்திருக்கக் கூடாது.

இது பொறியாளர்களின் கையைக் கட்டிவிடும் என்று என் பழைய சகாக்கள் சொல்வார்கள். கை ஏற்கெனவே கட்டப்பட்டுத்தான் இருக்கிறது, ஐயத்தால். மாற்றம் என்று எழுதினாலே தணிக்கையில் சிக்குவோம் என்ற பயத்தில்தான் யாரும் எழுதுவதில்லை. காரணம் ஊரறிய வெளியாகிவிட்டால் உதவிப் பொறியாளர் அந்தப் பயத்தைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. வெள்ளத்தில் உடைந்த கரையை அடைக்க அறிவிப்புக்குக் காத்திருக்க முடியாது, உண்மை. இயற்கைப் பேரிடருக்குச் சட்டத்தின் 16-ஆம் பிரிவே விலக்குத் தருகிறது. அதே போல, வேலையை முடித்தபின் அறிவிக்கட்டும்.

பணியிடத்தில் வைக்கும் விவரப் பலகையில் பணியின் பெயர், மதிப்பீடு, ஒப்பந்தக்காரர் பெயர் எழுதுகிறோம். அதன் அடியில் 'ஒப்பந்தத்துக்குப் பின் செய்த மாற்றங்கள்' என்று நான்கு வரிக்கு இடம் விடச் சொல்லி உத்தரவு போடுங்கள். இதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டாம்.

அந்தப் பள்ளிக்குக் கட்டடம் ஒப்படைக்கப் போன அன்று தலைமையாசிரியை என்னிடம், "சார், சுவர் எப்ப வரும்? டெண்டர் பேப்பர்ல பார்த்தேனே" என்று கேட்டார். அடுத்த திட்டத்தில் வரும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்த உண்மையான பதில், அவர் படிக்கக்கூடிய இடத்தில் அச்சாகி இருந்திருக்க வேண்டும்.

இந்த விதிக்கு வரைவு எழுதக் குழு அமைத்தால், களத்தில் எம்-புக் எழுதியவர்களையும் சிறு ஒப்பந்தக்காரர்களையும் அதில் சேருங்கள். அழைத்தால் என் செலவில் சென்னைக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவி செயற்பொறியாளர் ஒருவர்