விரலுக்கு முதலில் தெரிந்துவிடுகிறது

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலாம் என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே பேத்தியைக் கீபோர்டு வகுப்பில் சேர்த்திருக்கிறோம். மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில் யாரும் போன் பேச முடியாது.

நம் டைப்ரைட்டிங் மாஸ்டர் ஞாபகம் இருக்கிறாரா? தப்பாக அடித்த எழுத்து தாளில் மங்கலாக விழுந்தால், "விரல் பயந்துடுச்சு பார்" என்பார். நாம் சிரிப்போம். மனுஷர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்!

தப்பு செய்யும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஃபால்கென்ஸ்டைன், அமெரிக்காவில் கேரிங் என்ற ஆய்வாளர்கள் தனித்தனியாக ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி மின்முனைகளைத் தலையில் ஒட்டி, திரையில் தெரிவதற்கேற்பச் சட்டென்று பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். தப்பான பொத்தானை அழுத்தினால் 100 மில்லிசெகண்டுக்குள் உச்சந்தலையின் முன்பக்கம் நெகட்டிவாக ஓர் அலை எழுகிறது. சுமார் 10 மைக்ரோவோல்ட்தான். டார்ச் செல்லின் மின்னழுத்தத்தில் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு. பல பிழைகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் தெளிவாகத் தெரியும்.

தப்பு செய்தோம் என்றே உணராதவர்களுக்கும் இந்த அலை வந்திருக்கிறது. "அடடா" என்று உணர்ந்தவர்களுக்கு மட்டும் சற்றுப் பொறுத்து, பாசிட்டிவாக இன்னொரு பெரிய அலை. முதலில் மணி அடிக்கிறது, அப்புறம்தான் வீட்டுக்காரர் எழுந்து வருகிறார். சாராயம் உள்ளே போனால் முதல் மணியே மங்கிவிடுகிறதாம். எண்ணமும் செயலும் விடாமல் பிடித்து ஆட்டும் ஓசிடி நோயாளிகளுக்கு அது உரக்கவே ஒலிக்கிறது. பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிற உன் ஞாபகம் வந்தது. உனக்கு நோய் என்று சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

என்னை அசத்தியது பியானோக்காரர்களின் கதைதான். தேர்ந்த கலைஞர்களை மனப்பாடமாக வாசிக்கவிட்டு 2009இல் ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் பார்த்தார்கள். தப்பான கட்டை முழுதாக இறங்குவதற்கு ஏறக்குறைய 100 மில்லிசெகண்ட் முன்பே மூளையில் அலை எழுந்துவிட்டது. புறப்பட்ட விரலை நிறுத்த நேரமில்லை. ஆனாலும் அந்தத் தப்புச் சுரங்கள் மட்டும் கொஞ்சம் சத்தம் குறைந்து ஒலித்தன. மாஸ்டர் காட்டிய மங்கல் எழுத்தேதான் என்று எனக்குப் பட்டது.

பேத்தி வாசிக்கும்போது நானும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். அவள் தப்பையும் சரியையும் ஒரே பலத்தோடுதான் குத்துகிறாள். பொங்கலுக்கு வா, நீயே கேட்கலாம்.

அன்புடன்,
ராஜு