காற்றையும் குறித்து வையுங்கள்: மாணவியர் வட்டெறிதல் குறித்து ஒரு திறந்த மடல்

பன்னாட்டுப் பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பின் தடகளப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 2027ஆம் ஆண்டு தென் கொரியாவின் சுங்சோங் பகுதியில் நடைபெறவுள்ள உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகளை முன்னிட்டு, மகளிர் வட்டெறிதல் தொடர்பாக ஒரேயொரு கோரிக்கையைத் தங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஒவ்வோர் எறிதலின்போதும் வீசும் காற்றின் வேகத்தையும் திசையையும் அளந்து, எறிந்த தூரத்துக்கு அருகிலேயே முடிவுப் பட்டியலில் வெளியிட வேண்டும் என்பதே அது.

100 மீட்டர் ஓட்டத்திலும் நீளம் தாண்டுதலிலும் பின்னாலிருந்து வீசும் காற்று வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் சாதனை ஏற்கப்படுவதில்லை. உலகத் தரவரிசைக் கணக்கிலும் அப்போட்டிகளுக்குக் காற்றின் அளவைப் பொறுத்துப் புள்ளிகள் கூட்டப்படுகின்றன, கழிக்கப்படுகின்றன. வட்டெறிதலுக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. களத்தோரம் ஒரு காற்றுப்பை தொங்கும். அது வீராங்கனைக்குத் தோராயமாகத் திசை காட்டும். ஆனால் அது காட்டியதை யாரும் எழுதி வைப்பதில்லை.

இத்தனைக்கும் தடகளத்தில் காற்றை மிகுதியாக நம்பியிருக்கும் போட்டிகளுள் இதுவும் ஒன்று. எதிர்க்காற்று ஓட்டக்காரரைத் தடுக்கும். சரியான கோணத்தில் எறியப்பட்ட வட்டையோ அது தாங்கிப் பிடித்துத் தூக்கிச் செல்லும். வலக்கையால் எறிபவருக்கு முன்புறத்து வலப்பக்கமிருந்து வரும் காற்றே மிகவும் உகந்தது என்பது பயிற்சியாளர்கள் அனைவரும் அறிந்தது. முதுகுப்பக்கமிருந்து வரும் காற்று அந்தத் தூக்குவிசையைக் குறைத்துவிடுகிறது. மகளிருக்கு இந்த விளைவு இன்னும் கூடுதல். ஆடவர் வட்டின் எடை 2 கிலோ, விட்டம் ஏறக்குறைய 22 சென்டிமீட்டர். மகளிர் வட்டின் எடை 1 கிலோ, விட்டம் ஏறக்குறைய 18 சென்டிமீட்டர். எடை சரிபாதியாகக் குறையும்போது காற்றைச் சந்திக்கும் பரப்பு மூன்றில் ஒரு பங்குதான் குறைகிறது. எனவே ஒரே காற்று, மகளிர் வட்டை அதன் எடைக்கு ஒப்பிடுகையில் அதிகமாகத் தூக்கவும் செய்யும், அலைக்கழிக்கவும் செய்யும்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்திலுள்ள ரமோனா என்னும் சிற்றூரில், வட்டெறிதலுக்கு உகந்த காற்று வீசும் திறந்தவெளிக் களம் இதற்குத் தக்க சான்று. 2024 ஏப்ரலில் அங்கு கியூபாவின் யைமே பெரஸ் 73.09 மீட்டர் எறிந்தார். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அமெரிக்காவின் வேலரி ஆல்மன் 73.52 மீட்டர் எறிந்தார். பல்கலைக்கழக மாணவராக இருந்த லிதுவேனியாவின் மிகோலஸ் அலெக்னா, 1986 முதல் அசையாதிருந்த ஆடவர் உலகச் சாதனையை 74.35 மீட்டர் எறிந்து முறியடித்ததும் 2024இல் இதே களத்தில்தான். இவர்களுடைய திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. வாய்த்த காற்றைப் பயன்படுத்துவதற்கும் தேர்ந்த கை வேண்டும். ஆயினும், நாற்புறமும் பார்வையாளர் மாடங்கள் சூழ்ந்த அரங்கில், காற்று சுழன்று திரும்பும் ஒரு மாலையில் 58 மீட்டர் எறிந்த மாணவியை, இத்தகைய வெளியில் 62 மீட்டர் எறிந்தவரோடு தூரத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவது எவ்வகையில் நியாயம்?

மூத்த வீராங்கனைகளுக்கு ஒரு பருவத்தில் பல பெரிய போட்டிகள் அமைவதால் ஒரு நாளின் இழப்பை இன்னொரு நாள் ஈடுசெய்யும். மாணவியருள் பலருக்கு உங்கள் போட்டியே அவ்வாண்டின் ஒரே பன்னாட்டுக் களம். தகுதிச் சுற்றில் கிடைப்பவையும் மூன்றே எறிதல்கள். பங்கேற்போர் மிகுந்து இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டால், முதற்பிரிவு அமைதியான காற்றிலும் இரண்டாம் பிரிவு திசைமாறிய காற்றிலும் எறிய நேரிடலாம். ஒரு பிரிவு முடிந்தவுடன் அடுத்த பிரிவைத் தொடங்குவது நல்லது என்று விதிகள் பரிந்துரைக்கின்றன. அதைக் கடைப்பிடிப்பதோடு, காற்றளவும் பட்டியலில் இருந்தால், ஊருக்குத் திரும்பும் மாணவி தன் பயிற்சியாளரிடமும் உதவித்தொகையை முடிவு செய்வோரிடமும் காட்ட ஒரு சான்றாவது இருக்கும்.

ஓரிடத்தில் அளந்த காற்று வட்டு பறக்கும் வழி முழுவதற்கும் பொருந்தாது என்று நீங்கள் மறுக்கலாம். அது உண்மைதான், அதனால்தான் வரம்பு விதிக்கவோ எறிதலைச் செல்லாததாக்கவோ நான் கேட்கவில்லை. கேட்பது பதிவு மட்டுமே. வலைக்கூண்டுக்கு அருகில் ஒரு கருவி, 50 மீட்டர் கோட்டையொட்டி எறிபரப்புக்கு வெளியே இன்னொன்று, வட்டு கையை விட்டது முதல் தரையைத் தொடும் வரையிலான சில வினாடிகளின் சராசரி ஆகியவை போதும். ஓட்டத்துக்கும் தாண்டுதலுக்கும் காற்றளவிகளைக் கொண்டுவரும் அரங்கில் இது பெருஞ்செலவாகாது. தவறிய எறிதல்களுக்கும் இந்த அளவைக் குறிப்பது நன்று, ஏனெனில் காற்றின் போக்கை அறிய அவையும் உதவும்.

அணிகளுக்கு அனுப்பப்படும் தடகளத் தொழில்நுட்பக் கையேட்டிலேயே இந்த ஏற்பாட்டைச் சேர்த்து, அளவுகளைத் தகுதிச் சுற்று முதல் இறுதிச் சுற்று வரை பொதுவில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வட்டெறிதல் ஆர்வலர் ஒருவர்