9 வோல்ட் பேட்டரி வேண்டாமே

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆயுத பூஜையை ஒட்டி உங்கள் மாணவர் பக்கத்தில், சைக்கிளுக்கு எல்இடி ஸ்ட்ரிப் (வரிசையாகக் குட்டி விளக்குகள் பதித்த பட்டை) ஒட்டி அலங்கரிப்பது எப்படி என்று ஒரு செய்முறை வந்திருந்தது. அடுத்த இதழிலேயே ஒரு வாசகர், இதெல்லாம் வீண் பகட்டு என்று கோபித்து எழுதியிருந்தார். சைக்கிள் கடை வைத்திருக்கும் எனக்கு அலங்காரத்தின் மேல் வருத்தம் இல்லை. செய்முறையில் சொல்லியிருந்த அந்த 9 வோல்ட் பேட்டரி மேல்தான்.

பகட்டு என்பவருக்கு முதலில் ஒரு வார்த்தை. ஸ்போக்ஸில் கலர் மணி கோத்து, கைப்பிடியில் குஞ்சம் தொங்கவிட்டு ஓட்டியவர்கள்தானே நாமும்? அவை இருட்டில் எதற்கும் உதவவில்லை. ஸ்ட்ரிப் உதவும். பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு தந்த சைக்கிளில்தான் எத்தனையோ பிள்ளைகள் டியூஷன் முடிந்து தெருவிளக்கு இல்லாத ரோட்டில் வீடு திரும்புகிறார்கள். பின்னால் இருக்கும் ரிஃப்ளெக்டர், வண்டி வெளிச்சம் அதன் மேல் பட்டால்தான் மின்னும். குறுக்குத் தெருவிலிருந்து வருகிறவருக்கு சைக்கிள் அநேகமாகத் தெரியாது. பாரிலும் பின் ஃபோர்க்கிலும் ஸ்ட்ரிப் எரிந்தால் பக்கவாட்டிலிருந்தும் முழு சைக்கிளும் தெரியும். பழைய டைனமோ விளக்கு, சைக்கிள் நின்றால் அதுவும் நின்றுவிடும். நாற்சந்தியில் காத்து நிற்கும்போதுதான் வெளிச்சம் அதிகம் தேவை!

சரி, பேட்டரிக்கு வருகிறேன். பைக் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் ஸ்ட்ரிப் பெரும்பாலும் 12 வோல்ட். பைக் பேட்டரி 12 வோல்ட் என்பதால் அப்படி. அதில் மூன்று மூன்று எல்இடிகளாகத் தொடராக இணைத்திருப்பார்கள். வெள்ளை எல்இடி ஒன்றுக்கே சுமார் 3 வோல்ட் வேண்டும். மூன்றுக்கும் 9 போய்விட்டால் அந்தச் சின்னச் சதுர பேட்டரியில் மிச்சம் என்ன இருக்கிறது? முதலில் மங்கலாக எரியும், பேட்டரி கொஞ்சம் இறங்கியதும் அதுவும் இருக்காது. மீட்டருக்கு 60 பெரிய எல்இடி உள்ள 5050 ரகம் 12 வோல்ட்டில் மீட்டருக்கு 1 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அவ்வளவு மின்னோட்டம் தர அந்த பேட்டரியால் ஆகாது. பையன்கள் புது பேட்டரியாக வாங்கிக் காசைக் கரைக்கிறார்கள்.

யுஎஸ்பி முனை வைத்த 5 வோல்ட் ஸ்ட்ரிப் வாங்கச் சொல்லுங்கள். டிவிக்குப் பின்னால் ஒட்டுவதற்கென்று விற்பார்கள். வீட்டில் கிடக்கும் பவர் பேங்க் போதும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க், 5 வாட் இழுக்கும் ஸ்ட்ரிப்பை ஒரே சார்ஜில் 5, 6 மணி நேரம் தாங்கும். ஒரு சிக்கல் உண்டு: ஸ்ட்ரிப் மிகவும் குட்டையாக இருந்தால், எதுவும் இணைக்கவில்லை என்று நினைத்து சில பவர் பேங்குகள் தானாக அணைந்துவிடும். ஸ்ட்ரிப்பைக் கொஞ்சம் நீளமாகவே வைத்தால் சரியாகும். பள்ளி ஸ்டாண்டில் வெயிலில் சைக்கிளை நிறுத்தும்போது பவர் பேங்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது.

ஸ்ட்ரிப்பின் பசையை மட்டும் நம்பினால் நம் ஊர் வெயிலில் உரிந்து செயினில் மாட்டும். பாரை எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து ஒட்டிவிட்டு, சாணுக்கு ஒரு பிளாஸ்டிக் கேபிள் டை போட்டு இறுக்குங்கள். ஹேண்டிலுக்குப் போகும் வயரைக் கொஞ்சம் தளர்வாக விடாவிட்டால் திருப்பும்போது அறுந்துவிடும். ஸ்ட்ரிப்பை வெட்டுவதானால் அதில் கத்தரிக்கோல் படம் குறியிட்ட இடத்தில் மட்டும். வெட்டிய முனையை அடைக்க வினிகர் வாடை அடிக்கும் சிலிகானைப் போடாதீர்கள், செம்பை அரித்துவிடும். குளூ கன் பசையே போதும்.

செய்முறையில் விட்டுப்போன இன்னொன்று நிறம். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, நடுவில் எந்தக் கலரும் இருக்கட்டும். முன்னால் சிவப்பு எரிந்தால் சைக்கிள் எதிரே வருகிறதா, முன்னே போகிறதா என்று லாரிக்காரர் குழம்புவார். போலீஸ் வண்டி மாதிரி சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னுவதும் வேண்டாம். அதைத்தான் பையன்கள் முதலில் கேட்பார்கள் என்பது வேறு விஷயம்.

சக்கரத்துக்கு ஸ்ட்ரிப் எனக்குப் பிடிப்பதில்லை. பேட்டரியும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் வயர் முறுக்கிக்கொள்ளும். அதற்குப் பதிலாக வால்வு மூடியில் மாட்டும் பொத்தான் பேட்டரி விளக்குகள் வருகின்றன. பார்க்க ஜோர்தான். ஆனால் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதை வாங்காதீர்கள் என்றே கடைக்கு வருபவர்களிடம் சொல்கிறேன். நாணயம் போன்ற லித்தியம் பேட்டரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

தீபாவளிக்கு முன் வரும் இதழில் செய்முறையைத் திருத்தி மறுபடி போட்டால் நன்றாக இருக்கும். பேட்டரி வரியை மட்டுமாவது மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
சைக்கிள் கடைக்காரர் ஒருவர்,
மன்னார்குடி