பொதுப் பணிமனைக் கட்டமைப்புப் பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

நமது பொதுப் பணிமனையின் புதிய எஃகுக் கட்டமைப்பு வேலை முடிந்துவிட்டது. 5 டன் கிரேனில் 6.25 டன் சுமையைத் தூக்கிச் சோதித்தோம். கர்டரின், அதாவது கிரேன் ஓடும் உத்தரத்தின், தொய்வு அனுமதித்த அளவுக்குள்ளேயே நின்றது. திட்டமிட்டதைவிடப் பதினொரு வாரம் தாமதமாகியிருக்கிறது. அதற்குக் குழு பொறுப்பேற்கிறது. ஆனால் அந்த வாரங்கள் பெரும்பாலும் இன்று நீங்கள் உள்ளே நின்று பார்த்தால் கண்ணில் படாத இடங்களில்தான் செலவாயின. இணைப்புகள், வெல்டிங்கின் அடிவேர், வர்ணத்துக்கு உள்ளே இருக்கும் உலோகப் பரப்பு ஆகியவையே அந்த இடங்கள். அவற்றைப் பற்றி விரிவாகவே சொல்கிறோம்.

பழைய கொட்டகை ஏன் தளர்ந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். துருதான் காரணம் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். கூரையைப் பிரித்தபோதுதான் வேறொன்று தெரிந்தது. வண்டி போக இடைஞ்சலாக இருக்கிறது என்று ஒரு காலத்தில் தூண்களின் நடுவே இருந்த குறுக்குக் கம்பிகளை வெட்டி எடுத்திருக்கிறார்கள். மெலிந்த தூண் நசுங்குவதற்கு முன்பே வளைந்து போகும் என்பதைக் கணித அறிஞர் ஆய்லர் 18ஆம் நூற்றாண்டிலேயே கணக்கிட்டுக் காட்டிவிட்டார். பக்கவாட்டுப் பிடிப்பில்லாத நீளம் இரு மடங்கானால் அத்தகைய தூண் தாங்கும் சுமை நான்கில் ஒரு பங்காகக் குறையும். தூணில் ஒரு கிராம் உலோகம்கூடக் குறையவில்லை. நடுவில் பிடித்திருந்த கம்பி போனது, வலிமையில் முக்கால் பங்கும் அதோடு போனது.

இதனால்தான் கிழக்குக் கதவுக்கு அருகே இருந்த குறுக்குப் பிரேசிங்கை எடுத்துவிடும்படி சில உறுப்பினர்கள் கேட்டபோது குழு மறுத்தது. அதை அடுத்த இரு தூண்களுக்கு இடையே மாற்றி அமைத்துக் கதவுக்கு வழிவிட்டோம். காற்று பக்கவாட்டில் தள்ளும்போதும், ஓடும் கிரேன் சட்டென நிற்கும்போதும் அந்த விசையைத் தரைக்குக் கொண்டுசேர்ப்பது அந்த மூலைவிட்டக் கம்பிகள்தான்.

இப்போது உள்ளே 20 மீட்டர் அகலத்துக்கு ஒரு தூண்கூட இல்லை. எஃகு கன மீட்டருக்கு 7,850 கிலோ எடையுள்ள பொருள். கான்கிரீட்டைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனம். ஆனாலும் வலிமை அதைவிடப் பல மடங்கு இருப்பதால், சிறிய குறுக்குவெட்டே பெரிய தூரத்தைத் தாண்டிவிடுகிறது. அந்த உலோகத்தையும் எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்திருக்கிறார்கள். உத்தரம் வளையும்போது மேல்விளிம்பு அமுங்குகிறது, கீழ்விளிம்பு இழுபடுகிறது, நடுப்பகுதிக்கு வேலை குறைவு. ஆகவே உலோகத்தை மேலும் கீழும் தடிப்பாகக் குவித்து நடுவில் மெல்லிய தகட்டை நிறுத்தினால் ‘ஐ’ வடிவம் வந்துவிடுகிறது.

வலிமை கூடிய ரக எஃகை வாங்கிக் கிரேன் கர்டரின் ஆழத்தைக் குறைத்திருக்கலாமே என்று பொதுக்கூட்டத்தில் ஒருவர் கேட்டார். மிக நல்ல கேள்வி அது. அன்று நாங்கள் சரியாக விடை சொல்லவில்லை. இப்போது சொல்கிறோம். சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன் தாங்கும் எஃகுக்குப் பதிலாக 350 தாங்கும் எஃகை எடுத்தால் வலிமை நாற்பது விழுக்காடு கூடும், உண்மைதான். ஆனால் விறைப்பு, அதாவது சுமையில் வளையாமல் நிற்கும் தன்மை, அதனால் கூடுவதில்லை. எந்த ரகக் கட்டமைப்பு எஃகானாலும் அந்த விறைப்பைக் குறிக்கும் மீள்மைக் குணகம் ஏறத்தாழ ஒன்றே, சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 2 லட்சம் நியூட்டன். கிரேன் கர்டர் முறியுமா என்பதைவிட எவ்வளவு தொய்யும் என்பதே பெரும்பாலும் அதன் அளவைத் தீர்மானிக்கிறது. தொய்ந்தால் கிரேன் சக்கரம் பள்ளத்தில் உருள்வதுபோல நடுவே வந்து தேங்கும், தண்டவாளம் தேயும். தொய்வைக் குறைக்க ஆழமே வழி. ஒரு செவ்வகப் பட்டையின் அகலத்தை மாற்றாமல் ஆழத்தை மட்டும் இரு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். விலை உயர்ந்த எஃகு இந்த இடத்தில் நமக்கு உதவியிருக்காது.

தாமதத்துக்கு முதல் காரணம் வெல்டிங். தூணும் கூரைச் சட்டமும் சேரும் மூலைகள் அனைத்தையும் மீயொலிக் கருவியால் சோதிக்கச் சொன்னோம். மூன்று மூலைகளில் மேலே பளபளப்பாக இருந்த வெல்டிங், வேரில் உருகிச் சேரவே இல்லை. வெளியிலிருந்து பார்த்திருந்தால் எவரும் குறை கண்டிருக்க மாட்டார்கள். தோண்டியெடுத்து மீண்டும் வெல்டிங் செய்து மறுபடி சோதித்தோம். வெல்டிங் குச்சிகளைச் சூட்டடுப்பில் வைத்து ஈரம் போக்கிய பிறகே எடுக்க வேண்டும் என்பதையும் அப்போதுதான் கண்டிப்பாக்கினோம். ஈரத்திலிருந்து பிரியும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்தால், வெல்டிங் ஆறிச் சில மணி நேரமோ சில நாட்களோ கழித்துக்கூட விரிசல் விடும்.

இரண்டாவது காரணம் ஒரு தொங்கு கம்பி விவகாரம். கிரேனைப் பராமரிக்கும் நடைபாதையும் அதன் கீழே குழாய்த் தாங்கியும் கூரைச் சட்டத்திலிருந்து ஒரே நீண்ட கம்பியில் தொங்குவதாக வரைபடம். நீண்ட கம்பிக்கு மரை வெட்டுவது சிரமம், கம்பியை நடைபாதையோடு நிறுத்திவிட்டு அதன் உத்தரத்திலிருந்து வேறு கம்பியில் தாங்கியைத் தொங்கவிடலாம் என்று ஒப்பந்ததாரர் எழுதிக் கேட்டார். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இராது. ஆனால் 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சஸ் நகர ஓட்டல் ஒன்றில் தொங்கு நடைபாதைகள் இடிந்து 114 பேர் இறந்தது இதே மாற்றத்தால்தான். ஒரே கம்பி இரண்டாக்கப்பட்டதும், மேல் நடைபாதையின் அடியிலிருந்த நட்டு தன் தளத்தோடு கீழ்த்தளத்தின் சுமையையும் சேர்த்துத் தாங்க வேண்டியதாயிற்று. கணக்கு இரட்டித்தது, அதை யாரும் மறுபடி போட்டுப் பார்க்கவில்லை. நமது பொறியாளர் கணக்கைப் போட்டுப் பார்த்து மறுத்தார். நீண்ட கம்பிகள் வந்துசேர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்துக்காகக் குழு வருந்தவில்லை.

அஸ்திவார போல்ட்டுகள் இத்தனை நீளம் ஏன் என்றும் கேட்டிருந்தீர்கள். தகடு வேய்ந்த கூரை இலேசானது. பலத்த காற்றில் அதை அழுத்தும் விசையைவிட மேல்நோக்கி உறிஞ்சும் விசையே மிஞ்சும். அப்போது தூண் தரையை அழுத்தாது, தரையிலிருந்து பிடுங்கிக்கொள்ளப் பார்க்கும். போல்ட்டுகள் அந்த நேரத்துக்கானவை.

கர்டர் முனைகளில் துளைகள் நீளவாக்கில் வெட்டப்பட்டிருப்பதைப் பிழை என்று எண்ண வேண்டாம். 36 மீட்டர் நீளத்துக்கு வெப்பநிலை 40 பாகை மாறினால் எஃகு சுமார் 17 மில்லிமீட்டர் நீளும். அதற்கு நகர இடம் வேண்டும்.

வர்ணத்துக்கு முன் ஒவ்வொரு துண்டையும் மணல்வீச்சுப் போலத் துகள் பாய்ச்சி, உருட்டாலையில் படியும் கருஞ்செதிலை முழுக்க உதிர்த்தோம். செதிலின் மேல் பூசிய வர்ணம் செதிலோடு உரிந்துவிடும். சுத்தமான பரப்பு சில மணி நேரத்திலேயே மீண்டும் துருவேறத் தொடங்குவதால் அன்றன்றே துத்தநாகப் பிரைமர் பூசினோம். மழை நாட்களில் இந்த வேலையை நிறுத்திவைத்தோம். தாமதத்தின் மீதிப் பகுதி இது.

உலையை ஒட்டிய ஆறு தூண்களில் மட்டும் தீயில் நுரைத்துப் பருக்கும் பூச்சு உள்ளது. எஃகு எரியாது, ஆனால் 600 பாகை செல்சியசை நெருங்கும்போது வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். அந்தப் பூச்சின் மேல் வேறு வர்ணம் அடிக்காதீர்கள்.

பழைய சட்டங்கள் முழுவதும் உருக்காலைக்குப் போய்விட்டன. அவை உருகி மீண்டும் எஃகாகும். வரைபடங்கள், சோதனை அறிக்கைகள், போல்ட் முறுக்கு அளவுப் பதிவேடு மூன்றும் அலுவலக அலமாரியில் உள்ளன. எந்த உறுப்பினரும் கேட்டுப் பார்க்கலாம். தூணிலோ உத்தரத்திலோ துளை போடவோ, கொக்கி வெல்டிங் செய்யவோ வேண்டியிருந்தால் முதலில் பராமரிப்புக் குழுவுக்கு எழுதித் தாருங்கள். கிரேன் ஓட்டத்தின் அதிர்வில் கர்டர் போல்ட்டுகள் இளகியிருக்கின்றனவா என்று மூன்றாம் மாத முடிவில் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்போம். அன்று ஒரு நாள் கிரேன் இயங்காது.

இப்படிக்கு,
பணிக் குழு